நிமியா திறந்துவிட்ட ஆறு போர்ட்டுகள்

பராகுவே தலைநகர் அசுன்சியோனில் எங்கள் அரசு மருத்துவமனையில் நிமியா பதினோரு வருடமாக ஒப்பந்த ஊழியர். நெட்வொர்க் அவள் பொறுப்பு. சுவரில் எங்கே கம்ப்யூட்டரைச் செருகினாலும் நெட்வொர்க் சுவிட்ச் முதலில் அந்தக் கம்ப்யூட்டரின் டிஜிட்டல் சான்றிதழைக் கேட்கும். காட்டினால்தான் செருகிய அந்த போர்ட் திறந்து இணைப்புக் கொடுக்கும். அதற்காக அவளைத் திட்டாத ஆள் கிடையாது. வீட்டிலிருந்து பழைய பிரிண்டரைத் தூக்கிவரும் டாக்டர்கள், தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானத்தை நீட்டிக்கொண்டே, இது ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கொடு என்று குழைவார்கள். உறிஞ்சிவிட்டு, முடியாது என்பாள். சொல்லிச் சொல்லி அலுத்த குரல்.

அந்த வருடம் ஒப்பந்த ஊழியர்களுக்கு ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. பட்டியலில் முதல் பெயர் அவளுடையது.

அப்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை காலை, சான்றிதழ்களைச் சரிபார்க்கும் சர்வரின் சொந்தச் சான்றிதழே காலாவதியானது. புதுப்பிக்க ஒப்புதல் கேட்டு மூன்று கடிதம் எழுதியிருந்தாள். மூன்றும் இயக்குநர் மேசையில் தூங்கின. எந்த போர்ட்டும் திறக்கவில்லை.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், அப்போது நானும் ஒப்பந்தம்தான். முடிவுகளைத் தாளில் எழுதி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நான்கு மாடி ஓடினேன். மூன்றாவது ஓட்டத்தில் இரண்டு நோயாளிகளின் தாள்களை மாற்றிக் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, நர்ஸ் கண்ணில் பட்டது. நேராக நிமியாவிடம் போனேன். அவள் எத்தனை முறை கூப்பிட்டும் இயக்குநர் போனை எடுக்கவேயில்லை.

"அவர் கையெழுத்து இல்லாம திறந்தா பட்டியல்ல என் பேரை அடிச்சிருவாங்க, எலாதியோ. தெரியும்ல?"

"தெரியும். யாராவது செத்துருவாங்க, நிமியா. திறந்து விடு."

பெருமூச்சு விட்டாள். எங்கள் கூடத்துக்கும் அவசர சிகிச்சைக்கும் போகும் ஆறு போர்ட்டுகள் சான்றிதழே கேட்காதபடி மாற்றிவிட்டாள்.

விசாரணையில், திறக்கச் சொல்லி யாராவது கேட்டார்களா என்று இயக்குநர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"யாரும் கேக்கல சார். நானாத்தான் திறந்தேன்."

அவள் பெயரை அடித்தார்கள். அடுத்த பெயர் என்னுடையது. ஆணை வந்தது, வெட்கங்கெட்டவன், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் என் புதுக் கம்ப்யூட்டருக்குச் சான்றிதழ் ஏற்ற வந்தாள். திரையில் வேலை வகை என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன போடட்டும் என்று கேட்டாள். நான் மறுபடியும் தரையைப் பார்த்தேன்.

'நிரந்தரம்' என்று அவளே அடித்தாள்.