வேகத்தை மூன்றில் வைத்தாள் தங்கமணி

தங்கமணிக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு தனியார் வெல்ல ஆலையின் எடைமேடையில், கணினி அவள் பொறுப்பு. வாசலில் கரும்பு வண்டிகள் வரிசைகட்டி நின்றன. அவள் கணவன் வீரமுத்துவின் டிராக்டரும் அதில் ஒன்று. வெட்டிய கரும்பு வெயிலில் காயக் காய எடை குறையும். அந்த வண்டியில் இருந்தது அவர்களுடைய ஒரு வருஷத்து வியர்வை!

"இன்னாமே, உன் பொட்டி தூங்குதா? கரும்பு சருகாவறதுக்குள்ள எடை போடுமே!" ஜன்னலில் எட்டிக் கத்தினான் வீரமுத்து.

பழைய கணினி ஒவ்வோர் எடைக்கும் முக்கி முனகியது. எடை மென்பொருளின் மூல நிரல் அவளிடம் இருந்தது. அதை ஓடும் நிரலாக மாற்றித் தருகிற கம்பைலரிடம், எந்த அளவுக்கு வேகப்படுத்த வேண்டும் என்று ஒரு நிலையைச் சொல்லலாம். இதுவரை பூஜ்ஜியத்தில்தான் வைத்திருந்தாள். புருஷனின் வாடிய முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. ஒரேயடியாக உச்ச நிலையான மூன்றுக்கு ஏற்றி, நிரலை உருவாக்கினாள். சோதித்துப் பார்க்கப் பொறுமை ஏது?

பறந்தது! முதலில் ஒரு லாரி ஏறியது, எண் வந்தது. வீரமுத்து ஏறினான், கண் சிமிட்டுவதற்குள் எண். சிரித்துக்கொண்டே சரக்கு இறக்கும் இடத்துக்கு வண்டியை விட்டான்.

அடுத்தது அம்மாசியின் மாட்டு வண்டி. திரையைப் பார்த்த அம்மாசி விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா பொண்ணே, என் மாடு லாரிய முழுங்கிட்டு வந்துச்சா?"

தங்கமணி திரையைப் பார்த்தாள். முதல் லாரிக்கு வந்த அதே எடை! இந்த எண் மாறப்போவதில்லை என்று கம்பைலர் தானாக முடிவுகட்டி, தராசை மறுபடி பார்க்கும் வேலையையே வெட்டி எறிந்திருந்தது. அப்படியானால் வீரமுத்துவுக்குப் போட்டதும் லாரியின் எடைதான். கரும்பை இறக்கிவிட்டால் சரிபார்க்க வழியே இல்லை. யாருக்கும் தெரியவும் தெரியாது.

வெறுங்காலோடு ஓடினாள். "ஏங்க, இறக்காதீங்க! எடை தப்புங்க, ஜாஸ்தி காட்டிடுச்சு!"

"கம்மின்னா கத்து. ஜாஸ்தின்னா வாய மூடிக்கினு போமே!"

"எவன் வூட்டு எடையையோ நம்ம வூட்டுக்குத் தூக்கிக்கினு போறதா?" கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

வீரமுத்து பல்லைக் கடித்தான். டிராக்டரை மறுபடி மேடைக்குத் திருப்பினான்.

அவள் மறுபடி பூஜ்ஜியத்தில் வைத்து நிரலை உருவாக்கினாள். பெட்டி முனகியது. கடைசியில் எண் வந்தது, முன்னதைவிட வெகுவாகக் குறைந்து. "உங்க மொகம் வாடினதப் பாத்துதாங்க வேகத்த மூணுக்கு ஏத்திட்டேன்," என்றாள். வீரமுத்து எடைச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டான்.

"இனிமே என் மூஞ்சியப் பாத்து நெம்பர மாத்தாதமே."

வரிசையில் ஹாரன்கள் அலறின. அம்மாசி மாடுகளை அதட்டி மறுபடி மேடையில் ஏற்றினார்.