பிரேக் எந்தக் காலில்?

ஜூலை 12, சனிக்கிழமை. காலை ஏழு மணி நாற்பது நிமிடம். தூறல் – குடை பிடித்தால் அசிங்கம், பிடிக்காவிட்டால் ஜலதோஷம் என்கிற புனே தூறல். அவுந்த் சிக்னலுக்குச் சற்று முன்னால், ஓர் ஆட்டோவின் பின்புறத்தில் என் புது மோட்டார் சைக்கிள் போய் இடித்தது.

மெதுவாகத்தான். ஆட்டோவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பின்சீட்டில் காய்கறிப் பையுடன் என் மனைவி சரோஜா இருந்தாள்.

என் முழங்கால் ஆபரேஷனைப் பற்றி இந்தப் பக்கத்தில் புலம்பியது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு பழைய வண்டியில் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. ஸ்கூட்டர் வாங்கலாமே என்றார்கள். ஸ்கூட்டரா? நானா? சிஞ்ச்வட்டில் தத்தா என்றொரு மெக்கானிக், ஆளுக்கு அளவெடுத்து வண்டி கட்டித் தருகிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். என்னை ஸ்டூலில் உட்கார வைத்து இடுப்பு, முழங்கால், கை நீளம் எல்லாவற்றையும் டேப்பால் அளந்தார். பிறகு டேப்போடு சரோஜா பக்கம் திரும்பினார்.

“ஏங்க, இந்த ஆளு வண்டி கட்டுறாரா, பிளவுஸ் தைக்கிறாரா?”

சீட் தாழ்ந்தது. ஹேண்டில் கிட்டே வந்தது. சரோஜாவின் முதுகுக்குச் சாய்மானம் வந்தது. ஆர்டனன்ஸ் ஃபேக்டரியில் முப்பத்தாறு வருடம் அளவு சரிபார்த்தவன் நான். எனக்கே குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே கவலையாக இருந்தது.

குறை வேறு இடத்தில் இருந்தது. என் பழைய வண்டியில் பிரேக் இடது காலில், கியர் வலது காலில். அந்தக் காலத்து வண்டி அப்படித்தான். புது வண்டியில் நேர்மாறு. எல்லாவற்றையும் அளந்தோம்... காலின் பழக்கத்தை அளக்க டேப் ஏது?

சாங்வியில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியைச் சுற்றிச் சுற்றி ஐந்து வாரம் தனியாகப் பழகினேன். பின்னால் ஏற சரோஜா ஒரே நிபந்தனைதான் போட்டாள். “ஒரு தடவை தப்பா மிதிச்சீங்கன்னா இறங்கிடுவேன். அப்புறம் ஏறச் சொல்லக் கூடாது.”

அன்று முன்னால் போன ஆட்டோ திடீரென்று நின்றது. என் கால் என்னைக் கேட்கவில்லை. இடது பக்கம் மிதித்தது. அங்கே இருந்தது கியர். இன்ஜின் உறுமியது, வண்டி குலுங்கியது, கை முன்பிரேக்கைப் பிடிப்பதற்குள்... டொக்!

ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். “காய் ஆஜோபா, ரேஸ் ஆஹே கா?” – என்ன தாத்தா, பந்தயமா?

நான் பதில் யோசிப்பதற்குள் சரோஜா இறங்கிவிட்டாள். அந்த ஆட்டோக்காரரிடமே சாங்விக்கு வருவீர்களா என்று மராத்தியில் கேட்டாள்.

“பஸா மாவ்ஷி, பஸா!” உட்காருங்கள் அம்மா என்று வரவேற்பு. அவருக்குத்தான் என்ன சந்தோஷம்!

அவள் தலையின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே வீடு வரை ஓட்டினேன். வாசலில் இறங்கியவள் ஆட்டோக்காரருக்கு என்னைக் கைகாட்டிவிட்டு மேலே போய்விட்டாள். காலிச் சாய்மானத்துக்கா இத்தனை அளவெடுத்தோம்?

மாலையே தத்தாவிடம் போனேன். பிரேக்கை இடது பக்கத்துக்கு மாற்றுங்கள் என்றேன்.

“அரே காகா, தோ மஹீனா ருகோ. பைர் சீக் ஜாயேகா.” இரண்டு மாதம் பொறுக்க வேண்டுமாம். கால் தானே கற்றுக்கொள்ளுமாம்.

எழுபத்தொரு வயதில் கால் எதைக் கற்றுக்கொள்ளும்? பிடிவாதம் பிடித்தேன். சரி, வண்டிக்கு அடியில் குறுக்கே ஒரு தண்டு போட்டு இரண்டையும் இடம் மாற்றலாம், ஆனால் கையில் வேறு வேலை நிறைய இருக்கிறது, மூன்று வாரம் கழித்து வண்டியைக் கொண்டு வாருங்கள் என்றார்.

மூன்று வாரம் சும்மா இருக்க என்னால் ஆகுமா? தினமும் வண்டியை எடுத்தேன். ‘வலது, வலது’ என்று முணுமுணுத்தபடியே ஓட்டினேன். சரோஜா பஸ்ஸில் போனாள்.

தத்தா மாற்றிக் கொடுத்தார். பிரேக் இடது காலில் – பழைய வண்டி மாதிரியே. பெருமையாகச் சரோஜாவைக் கூப்பிட்டேன்.

“முதல்ல தனியா ஒரு சுத்து வாங்க. நான் பால்கனியிலேர்ந்து பாக்குறேன்.”

சுற்றி வந்தேன். கேட் அருகே ஒரு நாய் குறுக்கே ஓடியது. கால் மிதித்தது.

வலது கால்.

நாய் தப்பியது. நான் சொசைட்டியின் செம்பருத்திச் செடிக்குள் நின்றேன்.

“ஏங்க! இப்ப எந்தப் பக்கம் மிதிச்சீங்க?” மேலேயிருந்து குரல்.

“வலது...”

“அப்ப கால் கத்துக்கிச்சு. நீங்கதான் பாக்கி!”

வயசானால் மாற முடியாது என்று நாம்தான் சொல்லிக்கொண்டு திரிகிறோம். உடம்பு அதைக் காதில் வாங்குவதில்லை. அது பாட்டுக்கு மாறிவிட்டு, நாம் எப்போது கவனிப்போம் என்று காத்திருக்கிறது.

மறுபடி தத்தா. மறுபடி மாற்றம். சென்ற ஞாயிறு சரோஜா ஏறினாள், புது நிபந்தனையோடு. எதிரே எது தெரிந்தாலும் என் வலது தோளில் தட்டுவாளாம். சிக்னலில் தட்டுகிறாள். மாட்டுக்குத் தட்டுகிறாள். அரை கிலோமீட்டர் தள்ளிப் போகிற லாரிக்கும் தட்டுகிறாள்.

பிரேக்கை இடம் மாற்ற ஆறாயிரத்து ஐந்நூறு. பழைய இடத்தில் வைக்க ஏழாயிரம். ஆக, பிரேக் இருந்த இடத்திலேயே இருக்க எனக்கு ஆன செலவு பதின்மூவாயிரத்து ஐந்நூற்று எண்பத்து நான்கு ரூபாய் – அந்த எண்பத்து நான்கு, ஆட்டோவுக்கு!