சட்டியோடு சிரித்த படம்

1. டீக்கடைக்கு மேலே

பஸ் நிற்பதற்கு முன்பே படியில் வந்து நிற்பது என் பழக்கம். கண்டக்டர்கள் திட்டுவார்கள். கட்டட சைட்டில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு உட்கார்ந்திருப்பது என்றாலே ஆகாது. ஒரு சனிக்கிழமை காலை விராலிமலை பஸ் ஸ்டாண்டில் அப்படித்தான் முதல் ஆளாகக் குதித்து இறங்கி, அண்ணாந்து பார்த்தேன். டீக்கடைக்கு மேலே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்றை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதில் எங்கள் பிள்ளைகள் நின்றார்கள்.

ஊருக்கு வெளியே, மதுரை ரோட்டின் ஓரமாக இருக்கும் ஒரு பயிற்சி மையத்தில் நான் சீனியர் இன்ஸ்ட்ரக்டர். டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குப் பசுமைக் கட்டட வேலை கற்றுக்கொடுக்கிறோம். சூடு ஏறாத சுவர் கட்டுவது, மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்து கூல் ரூஃப் செய்வது, மழைத் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்புவது, சோலார் பேனல் மாட்டுவது, குளித்த தண்ணீரை வாழைக்கு விடுவது. இதெல்லாம் ஆறு மாதப் பாடம். முடித்துப் போகிறவர்களுக்கு சைட் அசிஸ்டென்ட் வேலை கிடைக்கும்.

அடுத்த பேட்சுக்கு ஆள் சேர்க்க மையத்தின் பொறுப்பாளர், ஓரத்தில் தன் முகத்தையும் போட்டு, அந்த ஃப்ளெக்ஸை அடித்திருந்தார். பிளாஸ்டிக்கைக் குறையுங்கள் என்று வகுப்பு எடுக்கிற இடத்துக்கு பிளாஸ்டிக்கிலேயே விளம்பரம். முதலில் எனக்கு அந்தக் கோபம்தான் வந்தது. பிறகுதான் நடுவில் இருந்த படத்தைக் கவனித்தேன்.

அது பிலோமினாவின் படம். துப்பட்டாவைச் சும்மாடாகச் சுற்றி, தலையில் சாந்துச் சட்டியை வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

எங்கள் மையத்தில் நான் வைத்த விதி ஒன்று உண்டு. ஆணோ பெண்ணோ, சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு நாள் முழுக்கச் சட்டி தூக்க வேண்டும். ஒரு நாளாவது தூக்கிப் பார்க்காதவர் தூக்குகிறவருக்கு வேலை சொல்லக் கூடாது. அந்த நாளில் எடுத்த படம் அது. பின்னால் வந்த பையன் சாந்தைத் தன் சட்டையிலேயே கொட்டிக்கொண்டதைப் பார்த்துத்தான் அவள் அப்படிச் சிரித்தாள். அது யாருக்குத் தெரியப்போகிறது? ரோட்டில் போகிறவர் கண்ணுக்கு அது ஒரு சித்தாள் படம்.

பிலோமினா ஆவூர்ப் பக்கத்துப் பெண். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்தவள். வீட்டில் கம்ப்யூட்டர் கோர்ஸ் என்று சொல்லிவிட்டுத்தான் தினமும் வந்துகொண்டிருந்தாள். முழுப் பொய்யும் இல்லை. டிராயிங் போடும் சாஃப்ட்வேர் ஒன்றும் எங்கள் பாடத்தில் இருக்கிறது. காலையில் பளிச்சென்று சுடிதாரில் வருவாள். மையத்தில் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொள்வாள். சாயங்காலம் நகக்கண்ணில் சிமென்ட் இல்லாமல் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். சொல்லிவிடு என்று நானும் பலமுறை சொன்னேன். வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்கிறேன் டீச்சர் என்பாள்.

அந்த வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பசுமைக் கட்டட சைட்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் திருச்சிக் கம்பெனி ஒன்று அடுத்த வாரக் கடைசியில் இன்டர்வியூவுக்கு வருவதாக இருந்தது. இருந்தது ஒரே ஒரு இடம். அது பிலோமினாவுக்குத்தான் என்று நான் மனதில் முடிவு கட்டியிருந்தேன். காரணம் அவள் மார்க் இல்லை. கூல் ரூஃப் வகுப்பில் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைப்போம். ஒன்றுக்குக் கறுப்பு மூடி, ஒன்றுக்கு வெள்ளை மூடி. மத்தியானம் உள்ளே கைவிட்டுப் பார்க்கச் சொல்வோம். எல்லாரும் கைவிட்டு, "ஆமா மேடம், கறுப்பு சூடு" என்று எழுதிக்கொண்டு போனார்கள். இவள் மட்டும், தன் வீட்டு ஆட்டுக் கொட்டகையில் கறுப்புத் தார்ப்பாய்தான் போட்டிருக்கிறது, பத்து மணிக்கெல்லாம் ஆடுகள் வெளியே ஓடி வந்துவிடும், இப்போதுதான் காரணம் புரிகிறது என்றாள். படித்ததை வீட்டுக் கூரையோடு கோத்துப் பார்க்கிறவள் இந்த வேலைக்கு வேண்டும்.

நான் நேரே பொறுப்பாளரிடம் போய் ஃப்ளெக்ஸைக் கழற்றச் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தப் படத்தில்தான் உயிர் இருக்கிறது என்றார். திங்கட்கிழமை பார்ப்போம் என்றார். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது என்பது அவருக்கு உறைக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் எந்தச் செய்தியும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில்தான் பரவும்.

2. சவரிமுத்து

திங்கட்கிழமை காலை நாங்கள் ரேட் ட்ராப் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தோம். செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் சுவர். கல்லும் மிச்சம், சூடும் உள்ளே வராது. சுவர் சாயாமல் எழும்புகிறதா என்று பார்க்க பிலோமினா தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்குள் ஒரு மொபெட் வந்தது. ஓட்டி வந்தவர் பின்னால் நீளமாக எதையோ சுருட்டிக் கட்டியிருந்தார். அது எங்கள் ஃப்ளெக்ஸ். பஸ் ஸ்டாண்டில் தானே கம்பத்தில் ஏறி அறுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவளுடைய அப்பா சவரிமுத்து.

அவள் குண்டை அப்படியே கீழே விட்டுவிட்டாள்.

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்துகிறவர்களைச் சைட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் மெதுவாகப் பேசினார். பூசை முடிந்து வெளியே வந்தபோது நாலு பேர் நடுவில் ஒருவர், "ஒம் மவ நல்லாத்தான் சட்டி தூக்குறா" என்று சொன்னாராம்.

நான் என் வழக்கப்படி படபடவென்று ஆரம்பித்தேன். இது சித்தாள் வேலை இல்லை, சூப்பர்வைசர் மாதிரி, கௌரவமான வேலை என்று மூச்சுவிடாமல் அடுக்கினேன். அவர் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"என்னய சிங்கப்பூருக்கு அனுப்புனப்பவும் சூப்பர்வைசர்னுதான் டீச்சர் சொன்னாங்க. போயி கம்பி கட்டுனேன். எங்க ஆத்தா சட்டி தூக்குச்சு. இவ அம்மா தூக்குனா. இவ தூக்கக் கூடாதுன்னுதான் நான் அங்கிட்டுக் கெடந்தேன்."

நான் கையிலிருந்த கரண்டியைச் சாந்துச் சட்டியில் போட்டேன்.

பிலோமினா அழவில்லை. அது ஒரே ஒரு நாள் தூக்குனதுப்பா என்று மட்டும் சொன்னாள். அவள் மேல்சட்டையைக் கழற்றி மடித்து என் மேசையில் வைத்தாள். கைகூடக் கழுவாமல் மொபெட்டில் பின்னால் ஏறினாள். தனக்கும் அப்பாவுக்கும் நடுவில் ஃப்ளெக்ஸ் சுருளைப் பிடித்துக்கொண்டு அவள் போவதை நான் கேட்டுவரை போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

3. இருப்புக் கொள்ளாத வாரம்

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதுதான். ஆறு மாதப் பாடத்தில் கடைசி வாரம். அவள் போன் சுவிட்ச் ஆஃப். நான் விடவில்லை, வேளைக்கு வேளை அடித்துக்கொண்டே இருந்தேன். வகுப்பில் சோலார் வயரிங் நடத்தும்போது பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் திருத்தினார்கள். வராந்தாவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தபடியே இருந்தேன். உட்காருங்க மேடம், எங்களுக்குத் தலை சுத்துது என்றான் சட்டையில் சாந்து கொட்டிக்கொண்ட அதே பையன்.

பொறுப்பாளர் அவர் பங்குக்கு ஆறுதல் சொன்னார். ஒரு பெண் போனால் என்ன, அந்த இடத்துக்கு வேறு யாரையாவது அனுப்பலாம் என்றார். கூடவே, அறுத்துக்கொண்டு போன ஃப்ளெக்ஸுக்குப் போலீஸில் சொல்லலாமா என்றும் கேட்டார். நான் அவரிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

உண்மையைச் சொன்னால், எனக்கு அவர்மேல் இருந்ததைவிடச் சவரிமுத்து மேல்தான் அதிகக் கோபம் இருந்திருக்க வேண்டும். ஆனால் வரவில்லை. நானும் சைட்டில் எத்தனையோ பெண்கள் சட்டி தூக்கிப் பார்த்திருக்கிறேன். கழுத்து நரம்பு புடைக்க மேலே ஏறுவார்கள். இறங்கும்போது ஒரு கை இடுப்பில் இருக்கும். தன் அம்மாவையும் மனைவியையும் அப்படிப் பார்த்த மனிதரிடம் கௌரவம் என்று நான் பேசியது எனக்கே கூச்சமாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு ஆவூர் பஸ் ஏறிவிட்டேன். போய் என்ன பேசுவது என்று யோசிக்கவே இல்லை. சனிக்கிழமை இன்டர்வியூ.

4. ஆட்டுக் கொட்டகை

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சிங்கப்பூர்க்காரர் வீடு என்று கேட்டதும் காட்டினார்கள். உச்சி வெயில். பிலோமினாவின் அம்மா கதவைத் திறந்தார். வாங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுக் கண்ணாலேயே கொல்லைப் பக்கம் காட்டினார். மகள் உள்ளே இருப்பது தெரிந்தது. அவள் வெளியே வரவில்லை.

கொல்லையில் சவரிமுத்து ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். கொட்டகை என்றால் நாலு கம்பு, மேலே குறுக்கே மூங்கில், அதன்மேல் ஒரு மறைப்பு. பக்கமெல்லாம் திறந்தது. கறுப்புத் தார்ப்பாய் சுருட்டி வேலியோரம் கிடந்தது. கொட்டகைக்கு மேலே வெள்ளை வெளேர் என்று ஏதோ இழுத்துக் கட்டியிருந்தது. வெயிலில் கண் கூசியது. ஆடுகள் அத்தனையும் உள்ளேயே படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன.

"தண்ணி குடிச்சீங்களா?" என்றார். குடிக்கவில்லை, குடிக்கவும் வரவில்லை என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவரே சொன்னார். அந்த ஃப்ளெக்ஸைக் கொளுத்திப் போடத்தான் கொண்டுவந்தாராம். கொளுத்தினால் நாறும், புகை யாருக்கும் ஆகாது என்று மகள் தடுத்திருக்கிறாள். அந்த வாரத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. அடுத்த பேச்சு, கொட்டகைக்குப் போடலாம், ஆனால் வெள்ளைப் பக்கம் மேலே இருக்கட்டும் என்பது.

"படம் மேல இருந்தா ஊரு பாக்கும்னு நானும் திருப்பித்தான் போடணும்னு இருந்தேன். அவ வேற கணக்குச் சொன்னா. வெள்ளை வெயில அடிச்சுத் தள்ளிரும்னா. நெசந்தான் டீச்சர். முந்தி இந்நேரம் ஒரு குட்டி உள்ள நிக்காது."

கூல் ரூஃப். நான் பாடம் நடத்தியது மொட்டைமாடிக்கு. அவள் செய்து காட்டியது இங்கே. எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு, அவர் தலையாட்டும் முன்பே குனிந்து உள்ளே போனேன்.

அண்ணாந்தேன். எங்கள் பேட்ச் முழுவதும் தலைக்கு மேலே இருந்தது. குறுக்கு மூங்கில் ஒன்று பொறுப்பாளரின் முகத்தை நேராக மறைத்தது. அதில் எனக்கு ஒரு சந்தோஷம். பிலோமினாவின் முகத்தில் மட்டும் மூங்கிலும் இல்லை, கயிறும் இல்லை. அந்த இடத்தில் சவரிமுத்து குறுக்கு மூங்கிலைத் தள்ளிக் கட்டியிருந்தார். கட்டு வேலை தெரிந்தவர் அதைத் தெரியாமல் செய்திருக்க மாட்டார்.

சவரிமுத்துவும் குனிந்து உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். நிமிர்ந்து நிற்க உயரம் பத்தாது. இரண்டு பேரும் முதுகை வளைத்துக்கொண்டு மேலே பார்த்தோம்.

"காலையில கொழை போட உள்ள குனியுறேன். இவ சட்டியோட சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. சாயங்காலம் குனியுறேன், அப்பவும் நிக்கிறா." பக்கத்து மூங்கிலைக் கையால் பிடித்துக்கொண்டார். "எங்க ஆத்தா சட்டி தூக்கி நான் பாத்துருக்கேன். இவ அம்மா தூக்கியும் பாத்துருக்கேன். ரெண்டு பேரும் சிரிச்சு ஒரு நாளும் பாத்ததில்ல டீச்சர்."

ஒரு ஆடு என் முந்தானையை மென்றுகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டேன்.

வெளியே வந்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வேலைக்குப் போகிற இடத்தில் இவள் சட்டி தூக்க மாட்டாள் என்று நான் உறுதி சொல்ல முடியுமா? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல முடியாது என்றுதான் சொன்னேன். ஆள் குறைந்த அன்றைக்கு நானே தூக்கியிருக்கிறேன், அவளும் ஒரு நாள் தூக்குவாள் என்றேன். தூக்கச் சொல்கிற இடத்திலும் அவள் நிற்பாள் என்பது மட்டும் உறுதி என்றேன்.

அவர் வேலியோரம் கிடந்த தார்ப்பாயைக் காலால் ஒதுக்கினார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று சத்தமாகக் கேட்டார். கேள்வி என்னிடம் இல்லை. பதில் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து உடனே வந்தது. அவள் அங்கேயே நின்றிருக்கிறாள்.

சனிக்கிழமை மொபெட்டில் அவரே கொண்டுவந்து விட்டார். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றிருந்தார். எப்போதும் நடந்துகொண்டிருக்கும் நான் அன்று அவரோடு சேர்ந்து நின்றேன். இன்டர்வியூவில் கூல் ரூஃப் பற்றிக் கேட்டபோது அவள் ஆட்டுக் கொட்டகையைச் சொன்னாளாம். கேட்டவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாராம். அந்த இடம் அவளுக்குத்தான் கிடைத்தது.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். சுவரைக் கட்டுவதற்கு முன்னால் வீட்டில் சொல்லிவிடுங்கள். ஒளித்துச் செய்கிற வேலை எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும் ஒரு நாள் டீக்கடைக்கு மேலே தொங்கும். எங்கள் மையத்திலும் விதியை மாற்றிவிட்டேன். சட்டி தூக்கும் நாளில் இப்போது வீட்டாரையும் வரச் சொல்கிறோம். சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள். பலர் நிற்கிறார்கள். ஃப்ளெக்ஸ் அடிப்பதில்லை. துணியில் எழுதிக் கட்டுகிறோம்.

போன மாதம் ஆவூர்ப் பக்கம் போனபோது சவரிமுத்து வீட்டுக்கும் போனேன். கொட்டகையைப் பிரித்துப் பெரிதாகக் கட்டுகிறார். அந்தப் படத்தை மையத்துக்குக் கொடுங்கள், வகுப்பில் மாட்டி வைக்கிறேன் என்று கேட்டேன். சைட்டிலிருந்து மகள் போன் செய்யும் நேரம் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"வேற எடுத்துக்கங்க டீச்சர். அது எங்க வீட்டுப் படம்."