முன் சீட்டில் காமாட்சி அக்கா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு காரில் இயற்கைக் காட்சி பார்க்கப் போனோம்.

"வாத்தியார் எப்போது கார் வாங்கினார்?" என்று கேட்டு எழுத, வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களில் சிலர் இதற்குள் பேனாவைத் திறந்திருப்பீர்கள். மூடிவிடுங்கள். டிராயிங் மாஸ்டர் சம்பளத்தில் காரை வரையலாம்; வாங்க முடியாது. கார் என் மச்சானுடையது. என் மனைவி ராஜத்தின் அண்ணன் பெருமாள்சாமி. திண்டுக்கல்லில் வெங்காய மண்டி வைத்திருக்கிறார். கொடைக்கானலில் இருந்த ஒரு எஸ்டேட் துரை சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போன கார் அது. ஒரு காலத்தில் பச்சை நிறமாக இருந்ததாம்.

டிரைவர் கிடையாது. மச்சானேதான் ஓட்டுவார். வாலிபத்தில் லாரி ஓட்டியவர். அப்போது வாங்கிய லைசென்ஸ். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. இனிமேல்தான் ஊர் உலகம் பார்க்கவேண்டும் என்று ஞாயிறு தவறாமல் மனைவி காமாட்சியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு ஞாயிறு தாடிக்கொம்பு, ஒரு ஞாயிறு வடமதுரை. அன்றைக்கு எங்களையும் கூப்பிட்டார். பழனி ரோட்டில் ஆயக்குடி வரைக்கும் போய், கொய்யாத் தோப்பில் கட்டுச்சோறு சாப்பிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

முன்னால் மச்சானும் காமாட்சி அக்காவும். பின்னால் நான், ராஜம், எங்கள் பெண்கள் செல்வி, கலா.

ஊர் எல்லை தாண்டவில்லை... அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, மாடு."

"ஏங்க, பள்ளம்."

"ஏங்க, எடது கைப்பக்கம் சைக்கிள்காரன். ஏங்க, எதுத்தாப்புல லாரி வருது, செத்த ஒதுங்குங்க."

இப்படி ஒரு மைல் அல்ல, இரண்டு மைல் அல்ல... ரெட்டியார்சத்திரம் வந்தது, ஒட்டன்சத்திரம் வந்தது, வாய் ஓயவில்லை. ஸ்டீரிங் அவர் கையில். கார் இவள் வாயில். ராஜம் என்னை முழங்கையால் இடித்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மச்சானின் பொறுமையை நினைத்தால் எனக்குக் கை எடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஒரு தடவை... ஒரே ஒரு தடவை "எனக்குத் தெரியாதா?" என்று சீறவேண்டுமே! ஊகூம். ஒவ்வொன்றுக்கும் "ம்", "ம்" என்று தலையை ஆட்டிக்கொண்டு, அவள் சொன்னபடியே ஒதுங்கினார், சொன்னபடியே நின்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்த வாரப் பத்தியைக் காரிலேயே மனசுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன். 'வாயால் கார் ஓட்டும் மனைவிமார்கள்' — தலைப்புகூட வைத்தாயிற்று. நீங்களும் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். தப்பித்தீர்கள்.

ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் மச்சானைப் பார்த்துக் கும்பிட்டார். மச்சான் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றார்.

"ஏங்க, வேலுச்சாமி கும்பிடுறாரு" என்றாள் அக்கா.

மச்சான் உடனே முகமெல்லாம் சிரிப்பாகக் கைகூப்பினார்... ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்த்து. பெரிய வியாபாரி, ஆயிரம் யோசனை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயக்குடித் தோப்பு அருமையான இடம். தோட்டக்காரர், "ஏனுங்க, கூச்சப்படாமப் பறிச்சுத் தின்னுங்க, நல்லா இனிக்குமுங்க" என்று பெண்களிடம் சொன்னதுதான் தாமதம், இரண்டும் மரத்தை மொட்டையடிக்க ஆரம்பித்துவிட்டன. சாப்பாடு முடிந்ததும் மச்சான் துண்டை விரித்துச் சாய்ந்தார். தெற்கே கை நீட்டினார்.

"பாத்தீங்களா மாப்ளே, மலை என்னா அழகு! இதைப் பாக்கத்தான் ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை ஓடி வாரேன்."

அவர் கை நீட்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது. மலை நல்லவேளையாகக் கொஞ்சம் தள்ளி இருந்தது. ரசிகனுக்கு மேகம் என்ன, மலை என்ன? எல்லாம் ஒன்றுதான் என்று அதையும் பாராட்டினேன். படம் போட்டுப் பிழைக்கிறவன் நான். பிள்ளைகளிடம் வாரத்துக்கு இருபது தடவை, "நல்லாப் பாருங்கடா, அப்புறம் வரையுங்கடா" என்று தொண்டை கிழியக் கத்துகிறவன். என் பார்வையின் லட்சணம் இது.

திரும்பக் கிளம்பும்போது எனக்குள் இருந்த பரோபகாரி விழித்துக்கொண்டான். பாவம் இந்த மனிதர், போகும்போதாவது நிம்மதியாக ஓட்டட்டுமே!

"அக்கா, நீங்க பின்னால உக்காந்து ராஜத்தோட பேசிக்கிட்டு வாங்க. நான் மச்சானோட முன்னால வாரேன்."

அக்காவின் முகம் சட்டென்று மாறியது. "வேணாம் தம்பி. பின்னால உக்காந்தா எனக்குத் தலை சுத்தும்."

"அதெல்லாம் சுத்தாது, வாங்க மதினி" என்று ராஜம் கையைப் பிடித்து இழுத்தாள்.

அக்கா மச்சானைப் பார்த்தாள். மச்சான் கார் சாவியைக் கையில் உருட்டினார். பிறகு, "உக்காரு காமாச்சி... மாப்ளே ஆசப்படுறாருல்ல" என்றார். குரலில் சுரத்தே இல்லை. மனைவி மேல் அவ்வளவு பயமா என்று நினைத்தேன்.

கார் கிளம்பியது. ஆகா, என்ன அமைதி! மச்சான் வண்டியை மெதுவாகத்தான் விட்டார். அக்கா பின்னாலிருந்து இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

"தம்பி, தலையைச் செத்த அங்கிட்டு வச்சுக்கிறீங்களா?"

"மலை சன்னல் பக்கம் இருக்குக்கா. அங்க பாருங்க" என்றேன். என் நகைச்சுவைக்கு நானே சிரித்தும் கொண்டேன்.

சத்திரப்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். கொய்யாக்காய் தன் வேலையைக் காட்டியது. சின்னவள் கலா "அத்தை, வாந்தி வருது" என்றாள். அக்கா குனிந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் மலையின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலமா ஊதாவா என்று எனக்குள் ஒரு விசாரணை.

"ஏங்க, கேட்டு! கேட்டு! நிறுத்துங்க!"

அப்படி ஒரு அலறலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மச்சான் பிரேக்கை அழுத்தினார். நான் முன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டேன். கார் குலுங்கி, வழுக்கி, நின்றது. நிமிர்ந்து பார்க்கிறேன் — மூடியிருந்த ரயில்வே கேட். எங்கள் பம்பர் அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், எங்களுக்கு முன்னால் பாசஞ்சர் ரயில் தடதடவென்று போயிற்று. எத்தனை பெட்டி என்று கேட்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

ரயில் போனதும் கேட்கீப்பர் கொடியைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"யோவ்! உனக்குக் கண்ணு தெரியாதாய்யா?"

ரோட்டில் ஆளுக்கு ஆள் கேட்கிற கேள்விதான் இது. இதற்கு யாராவது பதில் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். பின் சீட்டிலிருந்து காமாட்சி அக்கா சொன்னாள்:

"ஆமாங்கய்யா. தெரியாது."

கேட்கீப்பர் திரும்பிப் போய்க் கேட்டைத் திறந்தார்.

காரை ஓரம் தள்ளிவிட்டுப் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். மச்சான் தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"அஞ்சு வருசமா இப்படித்தான் மாப்ளே. பத்தடிக்கு அங்கிட்டு எல்லாம் பொகை மாதிரி. எங்கய்யாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. கடைசியில சுத்தமாத் தெரியாமப் போச்சு. டாக்டர்கிட்டப் போனா அதையே சொல்லிருவாரோன்னு..."

மண்டியில் எப்படிச் சமாளித்தார்? மண்டியில் கண் எதற்கு? வெங்காயத்தைக் கையில் உருட்டினாலே தரம் தெரியும். பேரமெல்லாம் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து. அந்தத் தொழிலுக்குக் கண் ஒரு அநாவசியமான உறுப்பு.

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. மாடு, பள்ளம், சைக்கிள்காரன், லாரி... நான் சிரித்த அத்தனையும் அந்த மனிதருக்குக் கண். அந்தக் கண்ணைத்தான் நான் உபகாரமாகப் பிடுங்கிப் பின்னால் உட்கார வைத்திருக்கிறேன். இதே வேலையை ஒருவர் கையில் கொடியை வைத்துக்கொண்டு செய்தால் சிக்னல் என்கிறோம். பெண்டாட்டி செய்தால் தொணதொணப்பு என்கிறோம். கொடி இல்லாததுதான் அக்காவின் குற்றம்.

ஆனால் ராஜத்துக்கு இந்த ஞானமெல்லாம் வரவில்லை. அவளுக்கு வந்தது கோபம். நியாயமான கோபம்.

"தெரிஞ்சேதானா மதினி எம்பிள்ளைகளை ஏத்திக்கிட்டு வந்தீங்க?"

அக்கா கலாவின் வாயை முந்தானையால் துடைத்துவிட்டாள். பிறகு, "தப்புத்தான் ராஜம்" என்றாள். "கண்ணாடி போடுங்கன்னு சொன்னா, காரை வித்துருவேங்கிறாரு. கல்யாணமாகி வந்து இருபத்தஞ்சு வருசம். அடுப்படியையும் கோயிலையும் தவிர எதைப் பாத்தேன்? இப்பத்தான் ஞாயித்துக்கிழமையில வெளிய கூட்டிட்டுப் போறாரு. அது போயிருமேன்னு... நான் பாத்துச் சொன்னாப் போதும்னு நெனச்சுட்டேன்."

ராஜம் எழுந்தாள். பெண்கள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு, பழனியிலிருந்து வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டாள். என்னை ஏறச் சொன்னாள். நான் ஏறவில்லை. வீரம் ஒன்றுமில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி ஏறுவது?

மூன்று பேரும் காரில் திரும்பினோம். அக்கா முன்னால், அவள் இடத்தில். நான் பின்னால், என் இடத்தில். நடக்கிற வேகம்தான். எங்களை ஒரு மாட்டுவண்டி முந்திக்கொண்டு போயிற்று. "ஏங்க, பாலம்." "ம்." "ஏங்க, ஆட்டு மந்தை." "ம்." காலையில் எனக்கு இதே வார்த்தைகள்தான் விலா நோகச் சிரிப்பு மூட்டின.

மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு மச்சானை மதுரையில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ரயிலில்தான். உள்ளே போகும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். எழுத்துப் பலகையைக் காட்டினார். கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டார்.

"கிட்டப்பார்வைதான். கண்ணாடி போட்டாச் சரியாப் போயிடும். உங்கப்பாவுக்கு வந்தது வேற வியாதியா இருக்கும். இதுக்கா இத்தனை வருஷம் பயந்தீங்க?"

ஐந்து வருஷப் பயம், ஐந்து நிமிஷ வைத்தியம். மச்சான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் தெருவில் போகிற ஜட்கா வண்டிகளை வேடிக்கை பார்க்கிற மாதிரி நின்றேன்.

ராஜம் மட்டும் இறங்கி வரவில்லை. மூன்று வாரம் அண்ணன் வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை. போன ஞாயிறு காலையில் வாசலில் ஹார்ன் சத்தம். மச்சான் இறங்கினார் — மூக்கில் கறுப்பு பிரேமில் தடிமனான கண்ணாடி. பக்கத்தில் காமாட்சி அக்கா, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் காரை ஒட்டியே நின்றாள்.

ராஜம் வாசல்படியில் வந்து நின்றாள். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. தெருக்கோடியில் இருந்த சைக்கிள் கடை போர்டைக் காட்டினாள்.

"அண்ணே, அதைப் படிங்க."

மச்சான் படித்தார்.

"கீழே சின்னதா எழுதியிருக்குல்ல, அதையும்."

"இங்கு பஞ்சர் ஒட்டப்படும்" என்று படித்துவிட்டு, "'ஒட்டப்படும்'ல ஒரு புள்ளியைக் காணோம் தாயி" என்றார்.

ராஜம் உள்ளே திரும்பி, "செல்வி, கலா, கிளம்புங்கடி" என்றாள். அப்புறம் நேராகப் போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். அதை நான் வர்ணிக்கப் போவதில்லை. வீட்டுக்குப் போனால் சாப்பாடு கிடைக்காது.

அதே பழனி ரோடு. முந்தின நாள் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. அக்கா பழக்கதோஷத்தில், "ஏங்க..." என்றாள்.

"பாத்துட்டேன்" என்றார் மச்சான்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, "ஏங்க..."

"அதையும் பாத்துட்டேன். நீ பேசாம வா."

அக்கா என்ன செய்வாள்? வேலை போய்விட்டது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாக, ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து, முதல்முறையாகப் பக்கத்துச் சன்னல் வழியாக வெளியே பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நிமிர்ந்துவிட்டாள்.

"ஏங்க... அந்தா, மலை இடுக்குல வெள்ளையா ஒண்ணு இறங்குதே, அது என்னங்க?"

மச்சான் வண்டியை ஓரமாக நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கென்னா தெரியும் காமாச்சி? நானும் இன்னைக்குத்தானே பாக்குறேன்."