தானாக விழ வேண்டிய கயிறு

நாய்க்குக் கழுத்துப் பட்டை வாங்கப் போனதை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சூடாகிவிடுகிறது. என் அக்காவின் புண்ணியத்தில் அதன் கழுத்தில் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

மூலக்குளத்தில் அக்கா கீழ்வீட்டில், நான் மாடியில். நாய் அக்காவுடையது. பொமரேனியனும் தெருநாயும் கலந்த சாதி, கழுத்தைச் சுற்றி அப்படி ஒரு அடர்ந்த முடி. குட்டியில் ரத்தக்கழிச்சல் வந்து சாகக் கிடந்தது. கிளினிக்கில் குளுக்கோஸ் ஏறும்போது அதன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். ஊசி போட்டவர் டாக்டர். பிழைத்ததும் பேர் போனது வீராம்பட்டினத்து அம்மனுக்கு. அக்கா வேண்டிக்கொண்டிருந்தாளாம். கோயில் வாசலில் கறுப்புக் கயிறு வாங்கி, சாமி பாதத்தில் வைத்து எடுத்து வந்து குட்டியின் கழுத்தில் கட்டினாள். அதை யாரும் அறுக்கக்கூடாது, தானாக இற்று விழ வேண்டும் என்பது எங்கள் வீட்டு முறை.

நானும் சாமி கும்பிடுகிறவள்தான். பருத்தி நூலாக இருந்தவரைக்கும் அந்த முறையில் ஒரு குறையும் இல்லை. வேர்வையிலும் மழையிலும் இற்றுப்போய் விழுந்துவிடும். இப்போது வாசலில் விற்பதெல்லாம் நைலான். அது எந்த ஜென்மத்தில் இற்று விழும்? குட்டி வளரும், கயிறு வளருமா? கட்டிய அன்றைக்கே கேட்டேன். "தளர்வாத்தான் கட்டியிருக்கேன். எல்லாத்துலயும் ஒரு நொட்டை ஒனக்கு" என்றாள். அப்புறம் முடி வளர்ந்து மூடிவிட்டது. ஒருமுறை ஞாபகம் வந்து கேட்டதற்கு, "அது எப்பவோ விழுந்திருக்கும் போ" என்றாள். தடவிக்கூடப் பார்க்காமல் சொன்னாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் கேட் திறந்திருந்த நேரத்தில் நாய் வில்லியனூர் சாலைக்கு ஓடி, ஒரு பஸ் பிரேக் அடித்து நின்றது. இனிமேல் பட்டை இல்லாமல் ஆகாது என்று ஸ்கூட்டரை எடுத்தேன். அக்கா நாயை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். நேரு வீதிப் பக்கம் ஒரு கடை.

கடைக்காரர் கழுத்தையே பார்க்கவில்லை. கலரைத்தான் கேட்டார். அக்கா சிவப்பில், மணி வைத்த பட்டை ஒன்றை எடுத்து "இது எடுப்பா இருக்குது" என்றாள். கல்யாணத்துக்குப் புடவையா எடுக்கிறோம்? அகலமாக இருக்க வேண்டும், ஓரம் அறுக்கக்கூடாது, போட்ட பிறகு உள்ளே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும் என்று சொல்லிவிட்டு மெத்தென்ற ஒன்றை நானே எடுத்தேன். போட்டுப் பார்க்கலாம் என்று கழுத்தில் வைத்ததும் நாய் வீறிட்டு என் கையைக் கவ்வியது. பல் பதியாமல் கவ்வியது, அது வேறு விஷயம்.

"புதுசுக்கு அப்படித்தான் மேடம். ரெண்டு நாள்ல பழகிடும்" என்றார் கடைக்காரர்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து முடியை விலக்கினேன். விரல் ஈரமானது. பிறகுதான் நாற்றம் வந்தது. கயிறு வெளியே தெரியவில்லை. கழுத்தைச் சுற்றி ஒரு பள்ளம், அதற்குள் சதை, சதைக்கு நடுவே முடிச்சு மட்டும் கறுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. இதோடு இத்தனை நாள் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்திருக்கிறது சனியன். கத்தரிக்கோல் கேட்டேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "தொடாதடி. ஆத்தா குடுத்த உசுரு அது. அறுத்தா போயிடும்டி."

"அறுக்கலன்னாதான்டி போயிடும். மோந்து பாரு, வா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைக்காரர் கத்தரிக்கோலை மேஜை மேலிருந்து எடுத்து டிராயருக்குள் போட்டார். "சாமி கயிறுங்க மேடம். எங்க கடையில வேணாம்." அவரை என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுத முடியாது. அச்சில் ஏறாது.

அங்கிருந்து நேராகக் கிளினிக்குக்குப் போனோம். அக்கா உள்ளே வரவில்லை, வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். மயக்க ஊசி போட்டு, முடியைச் சிரைத்து, டாக்டர் சதையிலிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுத்தார். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் மூச்சுக்குழல்வரை அறுத்திருக்கும் என்றார். இனி கழுத்தில் எதுவும் கூடாது, புண் ஆறியபின் நெஞ்சோடு போடுகிற பாடி பெல்ட்தான் என்றார். நான் தலையாட்டிவிட்டு, அந்தக் கயிற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மயக்கம் தெளிந்த நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அக்காவின் கண்கள் வீங்கியிருந்தன. நாயைப் பார்த்தாள், உயிரோடு இருந்தது. சட்டென்று கையை நீட்டி மெதுவாகக் கேட்டாள்:

"அந்தக் கயிறு எங்கடி? குடு. தானா விழுந்துடுச்சின்னு சொல்லி கோயில்ல சேத்துடறேன்."

பஞ்சில் சுற்றி வைத்திருந்தேன். பிரித்து, சீழும் முடியுமாக அப்படியே அவள் உள்ளங்கையில் வைத்தேன். "விழல. பிச்சி எடுத்தோம். போய் அப்படியே சொல்லு ஒங்க ஆத்தாகிட்ட."

அவள் கையை மூடவும் இல்லை, உதறவும் இல்லை. தலை நிற்காமல் தள்ளாடிக்கொண்டிருந்த அந்த நாய் என் பிடியிலிருந்து எக்கி, கட்டுப் போட்ட கழுத்தை நீட்டி, அந்தக் கையை நக்கப் பார்த்தது. இழுத்துப் பிடித்தேன். கழுத்து வலிக்க வலிக்க மறுபடியும் எக்கியது. எனக்கு நாயின் மேலும் கோபம் வந்தது.