மோவாயில் விரல் தடம்

பொம்மிடியிலிருந்து என்னைப் பாலக்கோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தபோது, மாப்பிள்ளை வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள் என்று அப்பா பெருமையாகத்தான் சொன்னார். நான் பட்டு என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். புழு என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் உறைத்தது. எண்பதுகளின் நடுவில் அந்தப் பக்கம் கிணறும் மல்பெரித் தோட்டமும் இருந்த வீடுகளில் பாதிக்குமேல் புழுதான். எங்கள் வீட்டில் மனிதர்களுக்கு முன்னறையும் சமையலறையும். நடுவிலிருந்த பெரிய அறை முழுக்கப் புழுவுக்கு. சன்னல்களில் ஈரச்சாக்கு தொங்கும். மூங்கில் தட்டுகளை அடுக்கடுக்காகத் தாங்கியில் வைத்திருப்பார்கள். எறும்பு ஏறாமல் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருப்பார்கள். சித்திரை வெயிலிலும் அந்த அறை சில்லென்று இருக்கும். நாங்கள் வெளியே விசிறிக்கொண்டு கிடப்போம்.

அந்த அறைக்கு ஏகப்பட்ட சட்டம். கால் கழுவாமல் நுழையக்கூடாது. பவுடர், வாசனை எண்ணெய், மல்லிகைப்பூ எதுவும் ஆகாது. பக்கத்தில் மிளகாய் வறுக்கக்கூடாது. வெளியாள் எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது. புதுப்பெண்ணான நான் தலையிலிருந்த பூவை எடுத்து வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, ரொம்பப் பணிவாக இலை போடப் போனேன். போன வேகத்தில் தட்டுக்கு மேலேயே தும்மினேன். அடுத்தடுத்துத் தும்மினேன். கண் சிவந்து மூக்கு ஒழுகியது. மறுநாள் கையெல்லாம் தடித்தது. அந்தப் புழு கூடு கட்டுவதற்குள் எனக்கு இழுப்பே வந்துவிட்டது.

மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை முதலில் கவலைப்பட்டது புழுவைப் பற்றித்தான். சிலருடைய கை பட்டால் புழு இலை தின்னாது என்று அங்கே ஒரு நம்பிக்கை உண்டு.

"உனுக்கு ஒடம்புல ஏதோ வாசனை இருக்குதும்மா. புழு உன்ன ஏத்துக்க மாட்டங்குது" என்றார்.

புழு பேஷாகத் தின்றது. மூச்சு வாங்கியது எனக்கு.

அதன் பிறகு என்னை அந்த அறைப் பக்கம் விடவில்லை. புழு வளர்க்கிற வீட்டில் கடைசி வாரம் என்பது ஒரு தேர்த்திருவிழா மாதிரி. போட்ட இலை போட்ட மாயத்தில் காலியாகும். அத்தையும் என் வீட்டுக்காரரும் தோட்டத்துக்கும் அறைக்குமாக ஓடுவார்கள். நின்றபடியே சோறு தின்பார்கள். நான் முன்னறையில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சமைத்தேன், பாத்திரம் துலக்கினேன், மாட்டைக் கவனித்தேன், எல்லாம் செய்தேன். ஆனாலும் அந்தச் சோறு புழு போட்ட சோறு. கூசிக்கொண்டேதான் தின்றேன்.

உட்கார்ந்திருந்தும் இழுப்பு நிற்கவில்லை. அறைக்குக் கதவு இருந்தது, தூசுக்குக் கதவு ஏது. என் அம்மா வந்து பார்த்துவிட்டு, பொம்மிடிக்கே கூட்டிப்போகிறேன் என்று பையை எடுத்துவிட்டாள். அவர் பாலக்கோட்டில் தனியாக ஒரு வீடு பார்க்கலாமா என்று யோசித்தார். அத்தைக்கு அவர் ஒரே பிள்ளை. மாமனார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். நாங்கள் கிளம்பினால் அத்தை ஒற்றை ஆளாக அந்தப் புழுவோடு நிற்க வேண்டும். புழுவை விட்டால் அந்தக் காட்டில் பிழைப்பதற்கு வேறொன்றும் இல்லை. நான் அந்த வீட்டில் மூச்சுவிட முடிந்தால்தான் நாங்கள் ஒன்றாக இருக்க முடியும். அவ்வளவுதான் கணக்கு.

"போறதுன்னா போங்க. அதுக்கு முன்னால பெங்களூர்ல ஒரு டாக்டரு இருக்கறாராம், இதுக்குன்னே பாக்கறாராம். ஒரு எட்டு போய்ட்டு வந்துடுங்க" என்றவர் அத்தைதான்.

ராயக்கோட்டை, ஓசூர் வழியாக பஸ் பிடித்து நானும் வீட்டுக்காரரும் போனோம். டாக்டர் என் முன்கையை நீட்டச் சொல்லி, வரிசையாகச் சொட்டுகள் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஊசி முனையால் லேசாகக் குத்தினார். வீட்டுத் தூசு, பூவின் மகரந்தம், கரப்பான் என்று எதெதையோ கரைத்து வைத்திருந்தார். மற்றதெல்லாம் சும்மா கிடக்க, பட்டுப்புழு வைத்த இடம் மட்டும் சுண்டைக்காய் அளவுக்கு வீங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. வாக்கப்பட்ட வீட்டின் சோற்றையே என் உடம்பு வேண்டாம் என்கிறதே என்று இருந்தது.

"உங்க உடம்பு வீட்டு நாய் மாதிரிம்மா. திருடன் வந்தா கடிக்கணும். இது விருந்தாளியையே கடிக்குது" என்றார் டாக்டர். "அந்த விருந்தாளியைத் தினமும் எட்ட நிக்க வச்சு அதுக்குக் காட்டணும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டு வரணும். பழகிடும்."

எந்தப் புழு ஆகவில்லையோ அதன் சாரத்தையே மிகமிகக் கொஞ்சமாக உடம்புக்குக் கொடுப்பதுதான் வைத்தியம். வழக்கமாக அதை ஊசியாகப் போடுவார்கள். வாராவாரம் போட்டு, போட்ட பிறகு ஏதும் ஆகிறதா என்று உட்கார்த்தி வைத்துப் பார்க்க வேண்டும். பாலக்கோட்டில் எங்களுக்குத் தெரிந்த கம்பவுண்டர் இந்தச் சமாச்சாரத்தைக் கேட்டதுமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதனால் டாக்டர் நாக்கடியில் விடுகிற சொட்டு மருந்து கொடுத்தார். இது புதுசு, தூரத்திலிருந்து வருகிற சிலருக்குக் கொடுத்துப் பார்க்கிறேன், வருஷக்கணக்கில் ஆகும் என்று ஒளிக்காமல் சொன்னார். முதல் தடவை அவரே விட்டு, அரைமணி நேரம் கண்ணெதிரே உட்கார வைத்தார். நாக்கடியில் கொஞ்சம் நமைத்தது, வேறொன்றும் இல்லை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் விட வேண்டும். இரண்டு நிமிடம் விழுங்காமல் வைத்திருக்க வேண்டும். பாட்டிலைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். நான் புழு அறைக்குள் போகவே கூடாது.

எங்கள் ஊரில் பிரிட்ஜுக்கு எங்கே போவது. குளிர்ச்சியான இடம் என்று வீட்டுக்காரர் வந்து சொன்னதுமே அத்தை யோசிக்கக்கூட இல்லை. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் எது என்று அந்த வீட்டில் பிறந்த பூனைக்குக்கூடத் தெரியும். புழு அறையில், ஈரச்சாக்கை ஒட்டி, ஒரு சின்னப் பானையில் ஈரமணல் போட்டு அதில் பாட்டிலைப் புதைத்து வைத்தார். விலை உசந்த புழு முட்டையை வாங்கி வந்தால் வைக்கிற மூலை அது. அத்தனை மரியாதை என் மருந்துக்கு.

நான்தான் அங்கே போகக்கூடாதே. அதனால் அத்தையே கொண்டு வருவார். விடியற்காலையில் முதல் இலை போட்டு முடித்த கையோடு பாட்டிலை எடுத்து வந்து, இடது கையால் என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, "நாக்கத் தூக்கு கண்ணு" என்பார். சொட்டுகளை விட்டுவிட்டு, நான் விழுங்கிவிடாமல் எதிரிலேயே நிற்பார். "இந்த ரெண்டு நிமிசந்தான் வூடு அமைதியா இருக்குது" என்று சிரிப்பார். நான் வாய் திறந்து பதில் சொல்ல முடியாது என்று தெரிந்தே சொல்வார். அவருக்கு அந்த நேரம் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. கல்யாணமானதிலிருந்து அவர் என்னைத் தொட்டது அப்போதுதான்.

ஆனால் இழுப்பு கூடியது. மருந்து விட்ட கொஞ்ச நேரத்தில் முகம் தடித்தது. மதியம்வரை நெஞ்சு விசிலடித்தது. "உள்ள இருக்கறது வெளிய வருது, வரட்டும்" என்று அத்தை தைரியம் சொன்னார். வீட்டுக்காரர் மருந்தை நிறுத்திவிடலாம் என்றார். பொம்மிடியில் அம்மா மறுபடியும் பையைத் தேட ஆரம்பித்தாள்.

அடுத்த தடவை பெங்களூர் போக வேண்டிய நாளில் புழு இலையாய்த் தின்றுகொண்டிருந்தது. அவரால் வர முடியவில்லை. புழுவை இன்னொருவர் பொறுப்பில் ஒரு நாள்கூட விடாத அத்தை, அதைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு என்னோடு வந்தார். பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்து தூங்கினேன். இறங்கும்போது என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை, அவ்வளவு வீக்கம்.

டாக்டர், முதலில் எங்கே தடிக்கிறது என்று கேட்டார். இங்கேதான் என்று காட்ட, என் கையை மோவாயில் வைத்தேன். பெருவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம். அப்படித்தான் தடிக்கும். கண்ணாடியில் தினமும் பார்த்திருக்கிறேன். டாக்டர் என் கையையே பார்த்தார்.

"யாரும்மா இப்படிப் பிடிக்கிறாங்க?"

நான் சட்டென்று சொல்லிவிட்டேன். "அத்தைதாங்க. அவங்கதான் மருந்து ஊத்தறாங்க." பெருமையாகத்தான் சொன்னேன். என்னை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் பாருங்கள் என்கிற மாதிரி.

பாட்டில் எங்கே இருக்கிறது என்றார். அதையும் சொன்னேன். டாக்டர் நல்ல மனிதர், திட்டவில்லை. புழுவின் தூசு கையிலும் சேலையிலும் வரும், குளித்து வேறு சேலை கட்டிக்கொண்டு கிட்டே போங்கள், தப்பு ஒன்றும் இல்லை என்று அத்தையிடம் மெதுவாகத்தான் சொன்னார். அத்தை தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஒரு சீட்டைக் காட்டிவிட்டு அவர் இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தார். "அத்தை, இங்க எடம் இருக்குதுங்க" என்றேன். "இந்தப் பக்கம் காத்து வருதும்மா" என்றார். சன்னல் சாத்தியிருந்தது.

அன்றையிலிருந்து பாட்டில் பாலக்கோட்டு மருந்துக்கடைக் குளிர்ப்பெட்டிக்குப் போனது; வேண்டியதை மட்டும் வீட்டுக்காரர் பிளாஸ்கில் கொண்டுவந்தார். கண்ணாடியைப் பார்த்து நானே விட்டுக்கொண்டேன். அத்தை புழு அறையிலிருந்து வெளியே வந்தால் நேரே பின்பக்கம் போய்த் தலைக்கு ஊற்றிக்கொள்வார், மார்கழியிலும். வெந்நீர் வைத்தால், விறகு எதற்கு என்பார். குளிக்க நேரமில்லாத நாட்களில் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள், "உம் மருமவ என்னா சாமியா, குளிச்சிட்டுத்தான் கிட்ட போவியா?" என்று என் காதுபடவே கேட்டாள். "ஆமா, எங்க வூட்டு சாமிதான்" என்றார் அத்தை, சிரிக்காமல். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் ஒரு தப்பும் செய்யவில்லை. அத்தையும் செய்யவில்லை. தப்பு செய்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

மருந்து வேலை செய்தது, மெதுவாக. முதலில் தும்மல் குறைந்தது. அப்புறம் இழுப்பு மழைக்காலத்தில் மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் வராமல் போனது. தனி வீட்டுப் பேச்சு நின்றது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு டாக்டர், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அறைக்குள் போய்ப் பாருங்கள் என்றார்.

புழு பழுத்துக் கூடு கட்டப் போகிற நாள். அறைக்குள் போனேன். மூச்சு சரளமாக வந்தது. தாங்கியிலிருந்து தட்டை இறக்கிக்கொண்டிருந்த அத்தையிடம், "அத்தை, எனக்கு ஒண்ணும் ஆவலிங்க. குடுங்க" என்று கையை நீட்டிக்கொண்டு போனேன்.

அவர் முகம் மலர்ந்தது. ஆனால் கால் பின்னால் போனது. சுவர் முதுகில் இடிக்கும்வரை போனார்.

"நில்லும்மா, நான் இன்னும் குளிக்கல" என்றார்.

பிறகு குனிந்து தட்டைத் தரையில் வைத்து, நான் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கி நின்றார்.