ஹாசிம் பட்டறையில் மட்டும் ஓடிய வண்டி

கிள்ளானில் காட்டுப் பாதையிலும் ஓடும் ஃபோர் வீல் வண்டி வைத்திருப்பவர்களிடம், வயரிங் கோளாறுக்கு யாரிடம் போகலாம் என்று கேட்டுப் பாருங்கள். ஹாசிமிடம் போகச் சொல்வார்கள். போகும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவும் சொல்வார்கள். அத்தாவின் ஜவுளிக்கடையில் உட்காரப் பிடிக்காமல் கிரீஸில் கை வைத்தவர். இருபத்தாறு வருடமாகப் பட்டறை நடத்துகிறார். வேலை சுத்தம், வாய்தான் ஊருக்கே கேட்கும்.

அவர் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆன்லைனில் விளக்கு, ஏர் ஹார்ன், சேற்றிலிருந்து இழுக்கும் வின்ச் என்று கண்டதையும் வாங்கி, வீட்டிலேயே வயரைச் சீவி முறுக்கி மாட்டிவிட்டு, வண்டி படுத்ததும் இவரிடம்தான் இழுத்து வருவார்கள். "ஃபியூஸ் இல்லாம நேரா பேட்டரியில குத்தி வச்சிருக்கியே, வண்டி ஓட்டுறியா, பட்டாசு கொளுத்துறியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார். வந்தவரின் மனைவி பக்கத்தில் நின்றால் இன்னும் இரண்டு வார்த்தை சேர்ந்து விழும்.

அப்பேர்ப்பட்டவருக்கே மூன்று வாரமாக ஒரு வண்டி தண்ணி காட்டியது. பிரிக்பீல்ட்ஸ் சிவேந்திரனுடையது. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, காடு மேடெல்லாம் சுற்ற ஆசைப்பட்டு வாங்கிய வண்டி அது. வீட்டில் இரண்டு நாள் நின்றால் மூன்றாம் நாள் ஸ்டார்ட் ஆகாது. முதல் தடவை பேட்டரியை மாற்றினார் ஹாசிம். அடுத்த தடவை பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்த்தார். மூன்றாம் தடவை வண்டியைப் பட்டறையிலேயே நாலு நாள் நிறுத்தி, மீட்டரை மாட்டி, ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்த்தார். ஒரு சொட்டுக் கரண்ட் கசியவில்லை. நாலு நாளும் சாவியைத் திருப்பியதும் வண்டி சிங்கம் போல உறுமியது. பிரிக்பீல்ட்ஸ் போனதும் மறுபடி படுத்துக்கொண்டது.

"இன்னொரு தடவ நின்னா வித்துடுவேன்னு வீட்டுக்காரி ஜெயமாலா சொல்லிட்டா, ஹாசிம்," என்று போனில் சிவேந்திரன் அழாத குறையாகச் சொன்னார். ஹாசிமுக்கு அதைவிடப் பெரிய எரிச்சல், வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயர் சிரிப்பாய்ச் சிரித்ததுதான். இந்த வண்டியைச் சரிசெய்யாவிட்டால் இருபத்தாறு வருடப் பேரும் போச்சு.

சனிக்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல் மீட்டரை எடுத்துக்கொண்டு ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தார். இவரை வாசலில் பார்த்ததும் சிவேந்திரன் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. "ஏன் ஹாசிம், சொல்லிட்டு வரலாம்லா," என்று வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றார்.

ஹாசிம் அவரை ஒதுக்கிவிட்டுப் பின் கதவைத் திறந்தார். சீட்டுக்கடியில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால், பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டி பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குட்டி ரைஸ் குக்கர்.

"இது எப்ப வந்துச்சு?"

"ஒரு மாசமாச்சு. காட்டுல போனாலும் ஜெயமாலாவுக்குச் சுடுசோறு வேணும்."

"பட்டறைக்கு வந்தப்பல்லாம் இது இல்லையே?"

சிவேந்திரன் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார். "கழட்டி ஸ்டோர்ல வச்சிட்டு வருவேன். நீங்க பார்த்தா திட்டுவீங்கல்ல. குக்கர்தான் ஓடலையே, சோறு வேகாம எப்படிக் கரண்ட் போகும்னு நெனச்சேன்."

சுவிட்ச் போட்டிருந்தால் பெட்டி சும்மா இருந்தாலும் கரண்டைக் குடிக்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நோயை வீட்டில் வைத்துவிட்டு ஆளை மட்டும் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார் மனுஷன்! ஒரு புது பேட்டரி, நாலு நாள் உழைப்பு, ஊர்ச் சிரிப்பு எல்லாம் சேர்ந்து ஹாசிமுக்குத் தலைக்கேறியது. பெட்டியைப் பிடுங்கிச் சிவேந்திரன் கையில் திணித்துவிட்டு, ஆற்றாமை தாங்காமல் மனைவி ரம்லத்துக்குப் போன் போட்டார்.

"கண்டுபிடிச்சிட்டேன், ரம்லத். என்னன்னு தெரியுமா?"

"ரைஸ் குக்கரா?"

ஹாசிமுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அதக் கழட்டி வச்சிட்டுத்தான் வர்றாருன்னு மொத வாரமே ஜெயமாலா அக்கா போன் பண்ணிச் சொன்னாங்க."

"மூணு வாரமா நான் மண்டைய ஒடச்சிக்கிட்டு இருக்கேன், ஏன் சொல்லல?"

"சொன்னா அந்தப் பெரிய மனுசன நாலு பேரு முன்னாடி வச்சுக் கத்துவீங்க. அப்புறம் ஏன் முன்னாடியே சொல்லலன்னு என்னையக் கத்துவீங்க. அதுக்கு நீங்களே தேடிக் கண்டுபிடிங்கன்னு விட்டுட்டேன்."

"நான் எங்கடி கத்துறேன்?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சிவேந்திரன் இன்வெர்ட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.